காலி செய்யச் சொன்ன நாளுக்கும் காலி செய்த நாளுக்கும் இடையே

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் ஈஸ்ட்போர்ன் என்றொரு ஊர் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் கடற்காற்றுக்காகக் குடிபோகும் ஊர் என்று பெயர். சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர் மன்றம் தன் கணக்கைப் பகிரங்கமாகச் சொன்னது. உள்ளூர் வரியாகத் தன் கைக்கு வரும் ஒவ்வொரு பவுண்டிலும் 49 பென்ஸ், வீடிழந்த குடும்பங்களை விடுதிகளிலும் நாள்வாடகை அறைகளிலும் தங்கவைக்கவே போய்விடுகிறதாம். குப்பை அள்ளுவது, பூங்காவைப் பார்த்துக்கொள்வது, அலுவலர் சம்பளம் எல்லாம் மீதிக்குள் அடங்கவேண்டும். அந்தக் குடும்பங்கள் எங்கிருந்தோ வந்து இறங்கியவை அல்ல. வாடகை வீட்டிலோ அம்மா அப்பா வீட்டிலோ சிநேகிதர் வீட்டிலோ இருந்து, இனி இங்கே இருக்க முடியாது என்று ஆனவர்கள்தான்.

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பதை மறுத்துப் பேசுபவர் யாரும் இல்லை. நோட்டீஸ் வந்த குடும்பத்துக்கு இரண்டு மாத வாடகை பாக்கியைக் கட்டிவிட்டால், பிறகு வருடக்கணக்கில் விடுதி வாடகை கொடுக்கிற செலவு மிச்சம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். யோசிக்க இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பாக்கி வைத்த எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவதில்லை; வரப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? அடுத்தது, ஒரு அரசாங்கத்தின் பையிலிருந்து போகும் பணம் இன்னொரு அரசாங்கத்தின் பையில் மிச்சமாகச் சேருமென்றால், முதல் பைக்காரர் எதற்காகக் கொடுக்கவேண்டும்? முதல் கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் நன்றாகவே அலசிவிட்டார்கள். இரண்டாவதைத் தொட யாருக்கும் மனமில்லை. நகரங்கள் மூச்சுத் திணறுவது அந்த இரண்டாவதில்தான் என்பது என் எண்ணம்.

முதல் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் சிகாகோவிலிருந்து வந்தது. அந்த நகரத்தில் வாடகை கட்ட முடியாதவர்கள் அழைப்பதற்கென்று ஒரு தொலைபேசி மையம் உண்டு. அழைப்பவரை விசாரித்து, தகுதி இருந்தால், ஒரே ஒரு முறை உதவித்தொகை ஏற்பாடு செய்வார்கள். தகுதி என்றால் இரண்டு: எதிர்பாராத ஒரு நெருக்கடி இருக்கவேண்டும், அது தீர்ந்தபின் சொந்தமாக வாடகை கட்டும் வகையும் இருக்கவேண்டும். ஆனால் பணம் எல்லா நாளும் கையில் இருக்காது. ஒரு நாள் இருக்கும், மறுநாள் தீர்ந்திருக்கும். எந்த நாளில் இருக்கும் என்பது அழைப்பவருக்குத் தெரிய வழியில்லை. திங்கட்கிழமை அழைத்த பெண்ணுக்குக் கிடைத்தது, அதே நிலைமையில் செவ்வாய்க்கிழமை அழைத்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கொடுமையான தற்செயலையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார்கள் எவன்ஸ், சல்லிவன், வால்ஸ்காக் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள். 2010 முதல் 2012 வரை வந்த அழைப்புகளை எடுத்து, பணம் இருந்த நாளில் அழைத்தவர்களையும் இல்லாத நாளில் அழைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 2016இல் சயன்ஸ் இதழில் வெளியான முடிவு: பணம் இருந்த நாளில் அழைத்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் வீடற்றோர் காப்பகத்துக்குப் போகும் வாய்ப்பு 76 சதவீதம் குறைவு.

இந்த 76ஐத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நான் அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு எண்ணை முதலில் பார்க்கச் சொல்வேன். பணம் கிடைக்காதவர்களில்கூட ஆறு மாதத்துக்குள் காப்பகத்துக்குப் போனவர்கள் 100க்கு ஏறத்தாழ 2 பேர்தான். மற்ற 98 பேர் கடன் வாங்கியிருப்பார்கள், நகையை விற்றிருப்பார்கள், அக்கா வீட்டுக்குப் போயிருப்பார்கள், வீட்டுக்காரரிடம் தவணை கேட்டிருப்பார்கள், எப்படியோ சமாளித்திருப்பார்கள். சமாளித்த விதம் சுகமாக இருந்திருக்காது. ஆனால் காப்பகக் கணக்கில் அவர்கள் வரவில்லை. ஆகவே 100 பேருக்குக் கொடுத்தால் தடுக்கப்படுவது ஒன்றிரண்டு பேருடைய வீடிழப்பு. அதனால்தான் ஒரு வீடிழப்பைத் தடுக்க ஆகும் செலவு சுமார் 10,300 டாலர் என்று கணக்கு வந்தது. ஆள் ஒருவருக்குக் கொடுக்கும் தொகை சிறியது. தடுத்த ஆள் ஒருவருக்கான செலவு பெரியது. வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தால் அது 6,800 டாலர் அளவுக்கு இறங்குகிறது. அப்போதும் காப்பகத்தையும் மருத்துவமனையையும் போலீஸையும் சேர்த்துப் பார்த்தால் லாபம்தான் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஒத்துக்கொள்ளலாம். ஆனால் நிதி மேசைக்குப் போகும்போது 76ஐ மட்டும் கொண்டுபோனால், இரண்டாவது வருடம் தணிக்கைக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டத்தில் பிறகு குலுக்கல் முறையிலேயே சோதனை நடந்தது. அங்கும் உதவி கிடைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் வீடிழக்கும் வாய்ப்பு 81 சதவீதம் குறைந்தது. எண்கள் ஒத்துப்போகின்றன. பணம் வேலை செய்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம்.

நியூயார்க் கதை கொஞ்சம் கசப்பானது. காப்பகத்தில் இடம் கேட்பவருக்கு இடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று 1981இல் நீதிமன்ற வழக்கில் அந்த நகரம் ஒப்புக்கொண்டது. இடம் கொடுப்பது கடமையாகிவிட்ட பிறகு, வராமல் தடுப்பது நகரத்துக்கே ஆதாயம். 2004இல் ஹோம்பேஸ் என்ற தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2010இல் அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்க்க, உதவி கேட்டு வந்த 295 குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உதவி, மறுபாதிக்கு இல்லை என்றார்கள். ஊரே கொதித்தது. ஏழைகளைச் சோதனைச்சாலை எலிகளாக்குகிறீர்களா என்று மக்கள் பிரதிநிதிகள் கேட்டார்கள். கோபம் நியாயமானது. ஆனால் பணம் எல்லோருக்கும் பற்றாத இடத்தில் ஏதோ ஒரு வகையில் யாரோ விடுபடத்தான் செய்வார்கள். குலுக்கலில் விடுபட்டால் தலைப்புச் செய்தி, வரிசையில் கடைசியாக நின்று விடுபட்டால் செய்தியே இல்லை. முடிவு வந்தபோது, 27 மாதத்தில் காப்பகம் போனவர்கள் உதவி பெற்றவர்களில் 8 சதவீதம், பெறாதவர்களில் 14.5 சதவீதம்.

அதே நியூயார்க் திட்டத்தின் விண்ணப்பத் தரவுகளை வைத்து மேரிபெத் ஷின் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2013இல் சொன்னது அலுவலர்களுக்கு ருசித்திருக்காது. யாருக்கு உதவுவது என்று அனுபவமுள்ள ஊழியர் மனத்தால் எடைபோட்டுத் தேர்வதைவிட, சில எளிய கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பது வீடிழக்கப்போகும் குடும்பங்களை நன்றாகவே அடையாளம் காட்டியது. கர்ப்பிணியா, இரண்டு வயதுக்குக் கீழே குழந்தை உண்டா, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை வீடு மாறினார்கள், முன்பு காப்பகத்தில் இருந்ததுண்டா என்கிற மாதிரிக் கேள்விகள். ஊழியர்களின் சாய்வு ஒருவகையில் மனித இயல்பு: பார்க்கப் பொறுப்பானவராக, கொஞ்சம் கைகொடுத்தால் எழுந்துவிடுவார் என்று தோன்றுபவருக்கு உதவ மனம் விரும்பும். அவர்களோ பெரும்பாலும் உதவி இல்லாமலே எழுந்துவிடக்கூடியவர்கள். இவர் தேறமாட்டார் என்று ஒதுக்கப்படும் ஆளிடம்தான் அந்தப் பணம் அதிக வேலை செய்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் இதையே இன்னும் நீட்டி, மருத்துவமனை, மனநல சேவை, சிறை, உதவித்தொகை இலாகா ஆகியவற்றின் பதிவுகளைச் சேர்த்து, ஆபத்தில் இருப்பவர்களைக் கணினி வழியாகக் கண்டு, அவர்கள் கேட்பதற்கு முன்பே அரசு ஊழியரே தொலைபேசியில் கூப்பிடும் முறையை நடத்துகிறது. ஒரு சராசரி மனிதர் அந்த அழைப்பை மோசடி என்று நினைத்து வைத்துவிடத்தான் அதிக வாய்ப்பு.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். பணம் யாருடைய பையிலிருந்து போகிறது என்ற கேள்வியை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் இடம் வேறில்லை.

வீடிழந்தவர்களுக்கு இடம் தருவது உள்ளாட்சியின் சட்டக் கடமை என்று 1977இலேயே அங்கே எழுதிவைத்துவிட்டார்கள். குழந்தை உள்ள குடும்பங்கள், கர்ப்பிணிகள், பலவீனமானவர்கள் முன்னுரிமைப் பட்டியலில் வருவார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் கடமை தொடங்குவது வீடு போன பிறகு அல்லது போகும் தறுவாயில். இதனால் ஒரு விசித்திரப் பழக்கம் வேரூன்றியது. தனியார் வீட்டுக்காரர், காரணம் எதுவும் சொல்லாமல், இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்ல அங்கே 21ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அந்த நோட்டீஸோடு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போன பெண்ணிடம் சொல்லப்பட்ட பதில்: இப்போதே காலி செய்யாதீர்கள், கோர்ட் உத்தரவு வரட்டும், அமீனா வரட்டும், அப்புறம் வாருங்கள். அவசரப்பட்டு முன்னதாகக் காலி செய்தால், தானாக வீட்டை விட்டவர் என்று எழுதிக் கடமையைத் தட்டிக்கழிக்கலாம். எனவே அவள் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் மாதங்களில் கோர்ட் செலவு அவள் தலையில் ஏறும். வீட்டுக்காரருக்கு அவள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நல்லெண்ணமும் போய்விடும். அடுத்த வீட்டுக்குப் பழைய வீட்டுக்காரரின் சிபாரிசு கேட்டால் கிடைக்காது. பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயம், அலுவலகம் சொன்னபடி நடந்ததாலேயே தீர்க்க முடியாததாக முடியும்.

பாப் பிளாக்மன் என்ற எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா இதை மாற்ற முயன்றது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடிழப்புக் குறைப்புச் சட்டம், 56 நாளுக்குள் வீடு போகும் அபாயம் இருந்தாலே உள்ளாட்சி தலையிட்டாகவேண்டும் என்றது. நோட்டீஸ் காகிதமே சாட்சி; அமீனாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பாக்கியைக் கட்டலாம், வீட்டுக்காரரிடம் பேசலாம், வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். ஆறு மாதமாவது நிலைக்கும் என்ற நம்பிக்கையோடு ஒரு கூரை கிடைத்துவிட்டால் கோப்பு மூடப்படும். ஏழாவது மாதம் அதே குடும்பம் திரும்பி வந்தால் அது புதிய கோப்பு என்பதைப் புள்ளிவிவரத்தைப் படிப்பவர்கள் மறக்கக்கூடாது.

சட்டம் சரி, கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது? 2010 இறுதியில் இங்கிலாந்தில் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்த குடும்பங்கள் சுமார் 48 ஆயிரம். 2025 மார்ச் இறுதியில் 1,31,140. அவற்றில் குழந்தைகள் மட்டும் 1,69,050 பேர். இதற்காக உள்ளாட்சிகள் செய்த செலவு 2023-24இல் சுமார் 230 கோடி பவுண்டு. அடுத்த ஆண்டில் சுமார் 280 கோடி. தடுப்புக் கடமை வந்தபின்புதான் இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி.

தடுப்பு வேலை செய்யவில்லை என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. அது தவறு. ஏழைகளின் வாடகைக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை ஒரு காலத்தில் அந்தந்தப் பகுதியின் நடுத்தர வாடகையை ஒட்டி இருந்தது. 2011இல் அதை, மலிவான முப்பது சதவீத வீடுகளின் வாடகைக்கு இறக்கினார்கள். 2016இலிருந்து நான்கு ஆண்டு உறையவைத்தார்கள். 2020இல் உயர்த்தி, மறுபடி உறையவைத்து, 2024இல் உயர்த்தி, மறுபடி உறையவைத்தார்கள். சந்தை வாடகை உறைந்து நிற்கவில்லை. லண்டன் நிதி அமைச்சகத்துக்கு ஒவ்வொரு உறைவும் சேமிப்பு. அந்தச் சேமிப்பில் விழும் ஓட்டையை அடைக்கவேண்டியவர் ஈஸ்ட்போர்ன் போன்ற ஊரின் மன்றம். வேடிக்கை அதோடு முடியவில்லை. குடும்பத்தைத் தற்காலிகத் தங்குமிடத்தில் வைத்தபின் மன்றத்துக்கு மத்திய அரசு ஈடு தருகிறதல்லவா, அதன் உச்சவரம்பு 2011 ஜனவரி வாடகை அளவில் 90 சதவீதம் என்று வைத்து, பல ஆண்டுகளாகத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். 2011இல் லண்டனில் ஒரு அறை என்ன விலைக்குக் கிடைத்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் இப்போது குறைவு.

தடுப்புக்கென்று மத்திய அரசு தனி மானியமும் தந்து வந்தது. 2025-26க்கு அது சுமார் 63 கோடி பவுண்டு. பெயரே வீடிழப்புத் தடுப்பு மானியம்தான். அந்த ஆண்டில்தான் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இதில் 49 சதவீதத்தையாவது தடுப்பு வேலைக்கும் உதவிக்கும் அதற்கான ஊழியர்களுக்கும் செலவிடவேண்டும். நிபந்தனை வைக்கவேண்டி வந்தது என்றால், அதுவரை தடுப்பு மானியம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது விளங்கும். இன்று இரவு படுக்க இடமில்லாத குடும்பம் வாசலில் நிற்கும்போது, இரண்டு மாதம் கழித்து வீடிழக்கப்போகும் குடும்பத்துக்கென்று பணத்தை ஒதுக்கிவைக்க எந்த அதிகாரிக்கும் துணிவு வராது. முதலாவதைச் செய்யாவிட்டால் கோர்ட் கேட்கும். இரண்டாவதைச் செய்யாவிட்டால் கேட்க ஆளில்லை. போதாக்குறைக்கு, ஒரே விடுதி அறைக்காகப் பக்கத்துப் பக்கத்து மன்றங்கள் ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிட்டன. லண்டன் மன்றங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அதைக் கட்டுப்படுத்தப் பார்த்தன. பொதுப்பணம் பொதுப்பணத்தோடு போட்டியிட, நடுவில் விடுதிக்காரர் வாழ்ந்தார். 21ஆம் பிரிவை ஒழிக்கும் சட்டம் 2025இல் நிறைவேறியிருக்கிறது. அது உள்ளாட்சியின் பணத்தால் முடியாத ஒன்றைச் சட்டத்தால் செய்கிறது.

இவ்வளவையும் படித்தபின் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு எதுவென்று கேட்டால், ஜெர்மனியில் இருக்கும் ஒரு சாதாரணத் தபால் கடமையைச் சொல்வேன். அங்கே இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் வீட்டுக்காரர் உடனடியாக ஒப்பந்தத்தை முறித்து வழக்குப் போடலாம். அப்படி வழக்கு வந்ததும் நீதிமன்றமே உள்ளூர் சமூகநல அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பியாகவேண்டும். வழக்கின் நகல் குடியிருப்பவர் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டினாலோ, கட்டுகிறேன் என்று அந்த அலுவலகம் எழுத்தில் உறுதி கொடுத்தாலோ, அந்த முறிவு செல்லாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்தச் சலுகை. ஆளைக் கண்டுபிடிக்க மதிப்பெண் அட்டையும் வேண்டாம், கணினியும் வேண்டாம். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே தகவல் வருகிறது, பணம் கட்ட ஒரு கெடுவும் இருக்கிறது. ஓட்டை இல்லாமல் இல்லை. உடனடி முறிவோடு சேர்த்து வழக்கமான காலக்கெடு நோட்டீஸையும் வீட்டுக்காரர்கள் கொடுத்துவிடுகிறார்கள். பாக்கியைக் கட்டினாலும் இரண்டாவது நோட்டீஸ் உயிரோடு இருக்கும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஜெர்மனியிலும் வீடற்றோர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பாக்கிக்காக விரட்டப்படுபவரைத்தான் இந்த ஏற்பாடு காக்கும். ஊரில் வீடே இல்லாவிட்டால் அதனால் ஒன்றும் ஆகாது. ஃபின்லாந்து வெற்றி பெற்றதாக எல்லோரும் சொல்வது அந்த இடத்தில்தான். காப்பகங்களை மூடி வீடுகளாக மாற்றினார்கள், வாங்கினார்கள், கட்டினார்கள். அங்கேயும் 2024இல் எண்ணிக்கை நெடுநாளைக்குப் பிறகு ஏறியது.

நம் ஊரில் இந்தக் கேள்வி எங்கே நிற்கிறது? இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2010இல் பெருநகரங்களில் ஒவ்வொரு லட்சம் பேருக்கும் ஒரு காப்பகம் வேண்டும் என்றது. 2013இல் மத்திய திட்டமும் வந்தது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களைக் கொண்டு காப்பகங்கள் நடத்துகிறது. அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வந்தவர்கள் படுக்க வளாகத்துக்குள்ளேயே காப்பகம் கட்டியது உண்மையிலேயே பாராட்டவேண்டியது. ஆனால் எல்லாம் தெருவுக்கு வந்தபிறகு. 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி ஒரே இரவில் நடைபாதைகளில் எண்ணப்பட்டு, நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் வீடற்றோர் என்று பதிவானது. அதற்கு முந்தைய மாதம் வீட்டில் இருந்தவர்களைப் பற்றி எந்தக் கணக்கும் இல்லை. வாடகை உதவியைப் பற்றி இந்தியாவில் நடந்த பெரிய பேச்சு டெல்லியில்தான். 2020 மார்ச் ஊரடங்கில், கட்ட முடியாத ஏழைகளின் வாடகையை அரசே தரும் என்று முதல்வர் அறிவித்தார். 2021 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி அந்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தார். செப்டம்பரில் அந்தத் தீர்ப்புக்குத் தடை வந்தது.

சென்னையில் வாடகைக் குடும்பம் விழுவது எப்படி என்று பார்த்தால் ஜெர்மன் முறையை அப்படியே எடுத்துவர முடியாது என்பது புரியும். வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவருக்கு எழுத்து ஒப்பந்தம் கிடையாது. வழக்கும் கிடையாது, நோட்டீஸும் கிடையாது. பத்து மாத வாடகை அட்வான்ஸ் இருக்கிறது. வேலை போனாலோ வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலோ முதலில் சொல்லும் வாக்கியம், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க". வீட்டுக்காரரும் கழித்துக்கொள்கிறார். அட்வான்ஸ் கரையும் வரை குடும்பம் பத்திரமாக இருக்கிறது. அதாவது அந்தப் பத்து மாதத் தொகைதான் நம் ஊரின் வீடிழப்புத் தடுப்பு நிதி, அதைக் கட்டியவர் குடியிருப்பவரே. அது தீர்ந்து வெளியேறும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. அடுத்த வீட்டுக்கோ மறுபடி அட்வான்ஸ். மாதம் 6,000 ரூபாய் வாடகை என்றால் 60,000 ரூபாய் ஒரே தவணையில். அங்கேதான் தண்டல்காரர் வருகிறார். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர. அந்த "தவிர"வுக்குள் பழைய பத்து மாதம் சௌகரியமாகக் குடியிருக்கலாம்.

மாநகராட்சிக்குப் பணம் இல்லையா? 2022இல் பல ஆண்டுகளுக்குப் பிறகு சொத்துவரியை உயர்த்தினார்கள். சென்னையின் மையப் பகுதிகளில் 600 சதுர அடிக்குக் கீழே 50 சதவீதம், 1,800க்கு மேலே 150 சதவீதம். வாடகையை ஏற்றும்போது வீட்டுக்காரர்கள் அந்த வரியைத்தான் காரணம் சொன்னார்கள். வாடகைதாரரிடமிருந்து சுற்றிவந்த அந்த வருவாயில் ஒரு சிறு பங்கை அட்வான்ஸ் கடனுக்கு ஒதுக்கினால் நியாயமாகத்தான் இருக்கும். மூன்று மாத அட்வான்ஸுக்குச் சம்மதிக்கும் வீட்டுக்காரருக்கு நேரடியாகக் கட்டி, குடும்பத்திடமிருந்து வட்டியில்லாத தவணையாக வாங்கலாம். 60,000 ரூபாய்க்குப் பதில் 18,000. வசூலைக் கவனிக்க வட்டாரத்து மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. வாராவாரம் கடன் தவணை வாங்கிப் பழகியவர்கள், எந்த வீட்டில் நிலைமை சரியில்லை என்பதும் அவர்களுக்கு முதலில் தெரியும். சிகாகோ கணக்குப்படி, கடன் வாங்குபவர்களில் பெரும்பாலோர் எப்படியும் சமாளித்திருப்பார்கள்தான். ஆனால் இங்கே சமாளிப்பதென்பது தண்டல்காரரிடம் போவது. அதைத் தடுப்பதையும் கணக்கில் சேர்த்தால் விகிதம் மாறிவிடும்.

ஆனால் சென்னையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வீடிழக்க வைப்பது வீட்டுக்காரர் அல்ல, அரசு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களுக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது. பலருக்கு வீட்டுவேலையும் கூலிவேலையும் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் தங்கிவிட்டன. வேலைக்காகத் திரும்பி வந்து நகரத்துக்குள் வாடகைக்கோ நடைபாதைக்கோ போனவர்கள் உண்டு. இவர்களைப் பொறுத்தவரை தடுப்பு நிதி என்று தனியாக ஒன்று தேவையில்லை. பொக்லைனைப் பள்ளித் தேர்வு முடியும் வரை நிறுத்தி வைப்பதற்கும், புதிய வீட்டின் சாவியைக் கொடுத்தபின் பழைய வீட்டை இடிப்பதற்கும், மூன்று கிலோமீட்டருக்குள் நிலம் தேடுவதற்கும் எந்தக் காப்பகத்தைவிடவும் குறைந்த செலவுதான் ஆகும். இடிக்கும் துறையின் கணக்கு ஒரு தலைப்பிலும் காப்பகத்தின் கணக்கு இன்னொரு தலைப்பிலும் இருப்பதால், இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டிப் பார்க்கும்படி மாநகராட்சி ஆணையரை யாரும் இதுவரை கேட்கவில்லை.